பவளம் வீட்டு விக்கல்

அருப்புக்கோட்டை பாவடித் தெருவில், கரண்ட் போனது வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாத காலம் ஒன்று வந்தது. அதற்கு முன்னாலெல்லாம் கரண்ட் போனால் தெருவுக்கே தெரியும். ஃபேன் நிற்கும், சீரியலில் அழுதுகொண்டிருந்தவள் திறந்த வாயோடு மறைந்துபோவாள், கிரைண்டரில் உளுந்து பாதி அரைந்தும் அரையாமலும் உட்கார்ந்துவிடும், எல்லாரும் வாசலுக்கு வந்து முந்தானையால் விசிறிக்கொண்டே கரண்ட் ஆபீஸ்காரனை வாயாரத் திட்டுவார்கள். இன்வெர்ட்டர் வந்தபிறகு அந்தக் கூத்தெல்லாம் ஓய்ந்துபோச்சு. கரண்ட் சொல்லாமல் போனது, சொல்லாமல் வந்தது, நடுவில் வீடு பேட்டரியில்தான் ஓடுகிறது என்று தெரியாமல் ஃபிரிட்ஜையும் மிக்ஸியையும் டிவியையும் ஓட்டு ஓட்டென்று ஓட்டிவிட்டு, பேட்டரி தீர்ந்து, திருதிருவென்று முழித்தவர்கள் அந்தத் தெருவில் எத்தனையோ பேர். அதற்காகத்தான் இன்வெர்ட்டருக்குள் ஒரு சத்தம் வைத்திருந்தார்கள். வீடு பேட்டரிக்கு மாறியதும் அது கீ கீ என்று கத்தும், கேட்டவர்கள் எழுந்துபோய் வேண்டாததை அணைத்துவிட்டு வரவேண்டும்.

நல்ல ஏற்பாடுதான், தவசிலிங்கத்துக்குத்தான் பிடிக்கவில்லை. தவசிலிங்கம் ஒரு தனியார் பஸ் கம்பெனியில் செக்கிங் இன்ஸ்பெக்டர். வெள்ளைச் சட்டை, அக்குளில் தோல் பை, நடுவழியில் கையைக் காட்டி பஸ்ஸை நிறுத்தி ஏறினார் என்றால் கண்டக்டரே ஒரு நிமிஷம் மூச்சை அடக்கிக்கொள்வான். எழுபது பேர் நசுங்கிக்கொண்டு நிற்கிற பஸ்ஸிலும் டிக்கெட் எடுக்காதவன் யார் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். அதுவரை செல்போனை நோண்டிக்கொண்டிருந்தவன் திடீரென்று ஜன்னல் வழியாக வயக்காட்டை ரசிக்க ஆரம்பிப்பான், அவன்தான். அவனை எழுப்பி நிறுத்தி, பஸ் மொத்தமும் கேட்கிற மாதிரி, "வெக்கமா இல்ல?" என்று ஒரு கேள்வி கேட்பார் பாருங்கள், கேட்கப்பட்டவன் அதற்கப்புறம் அந்த ரூட்டிலேயே ஏறமாட்டான். அப்பேர்ப்பட்ட மனுஷர் மத்தியானம் வீட்டில் அசந்து தூங்குகிற நாளில் இன்வெர்ட்டர் கத்தினால் விடுவாரா? பேட்டரிக்கடை ராமரைக் கூப்பிட்டு, "இந்தச் சனியனோட வாயை அடைச்சு விடுப்பா" என்றார்.

"அடைச்சிரலாம் அண்ணாச்சி, ஆனா கரண்ட் போனா அப்புறம் தெரியாதே?"

"என் வீட்ல என்ன போகுது, என்ன இருக்குதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்? வெட்டி விடு."

ராமரும் அந்தச் சத்தத்துக்குப் போகிற ஒயரை வெட்டிவிட்டுப் போனான். மறுநாள் கரண்ட் போனது. அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த பவளத்துக்கு, தவசிலிங்கத்தின் சம்சாரத்துக்கு, விக்கல் எடுத்தது.

சாதாரண விக்கல் இல்லை. அடுக்கில் இருந்த எவர்சில்வர் தம்ளர்கள் கிணுகிணுக்கிற விக்கல், வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து உட்கார்ந்து உள்ளே எட்டிப்பார்த்த விக்கல். தண்ணீர் குடித்தாள், மூச்சை அடக்கினாள், சீனியை நாக்குக்கடியில் வைத்துப் பார்த்தாள், ஒன்றுக்கும் மசியவில்லை. அந்நேரம் எதிர்வீட்டு இந்திராணி, வீட்டிலேயே கிரைண்டர் வைத்து இட்லி மாவு அரைத்து விற்கிறவள், கிரைண்டர் நின்றுபோன எரிச்சலில் வாசலுக்கு வந்து, "ஏ பவளம், கரண்ட் போயிருச்சுடி!" என்று கத்த, அந்த நொடியே விக்கல் நின்றது.

மறுபடி ஒருநாள் விக்கியது, போய் மீட்டரைப் பார்த்தால் கரண்ட் இல்லை. "கரண்ட் போயிருச்சு" என்று பவளம் வாய்விட்டுச் சொன்னாள், நின்றுவிட்டது. இப்படி நாலைந்து தடவை நடந்ததும் தெருவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. தெருக்காரர்கள் யாராவது வாயைப் பிளந்தார்களா என்றால் அதெல்லாம் இல்லை. ஒருத்திக்கு மழைக்கு முந்தி முழங்கால் குடைகிறது, இன்னொருத்திக்கு விருந்தாளி வருகிற அன்று இடதுகண் துடிக்கிறது, இவளுக்குக் கரண்ட் போனால் விக்குகிறது, இதில் என்ன இருக்கிறது என்று போய்விட்டார்கள். போனதோடு நிற்காமல் அதைப் புழக்கத்துக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். பவளம் விக்கினால் தெரு முழுக்க ஃபிரிட்ஜ் அணையும், அயர்ன் பாக்ஸ் பிளக் பிடுங்கப்படும், ஸ்டூடியோக்காரன் கம்ப்யூட்டரில் கல்யாண ஆல்பத்தைச் சேமித்துக்கொள்வான். சத்தம் எட்டாத கடைசி வீட்டுக்காரர்கள் போன் போட்டு, "அக்கா, விக்குச்சா?" என்பார்கள், "இன்னும் விக்கல, நீ பாட்டுக்கு மோட்டாரைப் போடு" என்பாள் பவளம். ராமர்கூடக் கடைக்கு வருகிறவர்களிடம், "பாவடித் தெருவாண்ணே? அப்ப சத்தம் இல்லாத மாடலே போதும், அங்கதான் அக்கா இருக்காங்கல்ல" என்று சொல்லி விற்றான்.

பவளத்துக்கும் அது ஒரு பெருமையாகத்தான் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒருத்தரும் அவளை ஒரு யோசனை கேட்டதில்லை, இப்போது தெருவே அவள் தொண்டையை நம்பி இருந்தது. திருப்பூரில் கட்டிக்கொடுத்த மகள், "வந்து ஒரு மாசம் இரும்மா" என்று கூப்பிட்டால், "நல்லாருக்கே, நான் அங்க வந்துட்டா இங்க யாரு விக்குறது?" என்று சிரிப்பாள். வீட்டுக்குள் இருந்துகொண்டே ஊருக்கு உபகாரம் செய்கிறவளாக அவள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்ததைத் தவசிலிங்கமும் பார்த்தார்.

அப்புறம் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் வந்து போனது. அதற்கு மறுவாரம் தவசிலிங்கத்தின் கம்பெனி கைமாறியது. புது முதலாளி பஸ்ஸுக்குப் பஸ் கேமராவும் டிக்கெட் மிஷினும் மாட்டிவிட்டு, இனி நடுவழியில் ஏறிப் பார்க்க ஆள் வேண்டாம் என்றார். மரியாதைக்குக் குறைச்சல் இல்லை. ஒரு சால்வையைப் போட்டு, கும்பிடு போட்டு, காபி வாங்கிக்கொடுத்து, அடையாள அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். தவசிலிங்கம் அந்தச் சால்வையை பஸ் ஸீட்டிலேயே விட்டுவிட்டு, வழக்கமாக வருகிற நேரத்துக்கு, வழக்கம்போல டிபன் கேரியரோடு வீட்டுக்கு வந்து ஃபேனுக்கடியில் உட்கார்ந்தார். நாளைக்குச் சொல்லிக்கலாம் என்றுதான் இருந்தார், சத்தியமாக.

"என்னங்க, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் பவளம்.

"ஒண்ணுமில்ல, வெயில்" என்றார்.

அவர் சொல்லி வாயை மூடுவதற்குள் அவளுக்கு விக்கியது.

"கரண்ட் போயிருச்சு" என்று பவளம் பழக்கத்தில் சொன்னாள். விக்கல் நிற்கவில்லை. போய் மீட்டரைப் பார்த்தாள், பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசலுக்கு வந்தால் அங்கே ஏற்கெனவே பாதித் தெரு நின்றது. எல்லாரும் ஃபிரிட்ஜை அணைத்துவிட்டு, கிரைண்டரை நிறுத்திவிட்டு, அப்புறம் பார்த்தால் யார் வீட்டிலும் கரண்ட் போகவே இல்லை. கரண்ட் ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள், "எங்கயும் கட் இல்லம்மா" என்றுவிட்டார்கள். தெரு குழம்பிப்போய் நின்றது. உள்ளே ஃபேனுக்கடியில் உட்கார்ந்திருந்த தவசிலிங்கத்துக்கு மட்டும் குழப்பமே இல்லை. மாசம் பிறந்தால் வருகிற வரத்து நின்று, இருக்கிறதைக் கரைத்துச் சாப்பிடுகிற வீடாக இது இன்றைக்கு மாறிவிட்டது, வீடு பேட்டரிக்கு மாறிவிட்டது, அதைத்தான் இவள் விக்குகிறாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு கூச்சம் ஓடியது பாருங்கள், அம்மணமாகத் தெருவில் நிற்கிற மாதிரி. 'போயிருச்சு' என்று ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும். அது வாயில் வரவில்லை.

மறுநாள் காலையில் வழக்கம்போல வெள்ளைச் சட்டை போட்டு, தோல் பையை எடுத்து, டிபன் கேரியரை வாங்கிக்கொண்டு கிளம்பினார். பவளம் விக்கிக்கொண்டே கட்டிக்கொடுத்த கேரியர் அது. தனியார் பஸ் எதிலும் ஏறினால் கண்டக்டர்கள் துக்கம் விசாரிப்பார்கள் என்று கவர்ன்மெண்ட் பஸ்ஸில் ஏறி விருதுநகர் போய், ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினார். திரும்பும்போது தெருமுனையிலேயே விக்கல் கேட்டது. மறுநாளும் போனார், மறுநாளும் கேட்டது. ராத்திரி தூக்கத்திலும் அவளுக்கு விக்கியது, சாமி கும்பிடும்போது விக்கியது, மகளோடு போனில் பேசும்போது விக்கி, மகள் அந்தப் பக்கம் அழுதாள். தவசிலிங்கம் தண்ணீர் மொண்டுவந்து கொடுத்தார், முதுகைத் தடவிவிட்டார். அவர் தடவத் தடவ விக்கல் கூடியது.

தெரு சும்மா இருக்குமா? அவரவருக்குத் தெரிந்த வைத்தியத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். சீரகத் தண்ணி, சுக்குப்பொடி, மயிலிறகைச் சுட்டுத் தேனில் குழைத்தது, தலைகீழாகக் குனிந்து தம்ளரின் அந்தப் பக்கத்து விளிம்பில் தண்ணி குடிப்பது, எல்லாம் ஆயிற்று. டாக்டர் ஊசி போட்டார், ஸ்கேன் எடுத்தார், "உள்ள ஒண்ணும் இல்லம்மா, ஆனா இது இப்படியே போனா உடம்பு தாங்காது, சாப்பாடு இறங்கணும்ல?" என்று தவசிலிங்கத்தைப் பார்த்துச் சொன்னார். உண்மைதான், சோற்றை வாயில் வைத்தால் விக்கல் வெளியே தள்ளியது. பவளத்தின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது, வளையல் முழங்கைக்கு ஏறியது. அதற்குள் தெருவில் நிஜமாகவே கரண்ட் போன நாட்களும் வந்தன. அது எந்த விக்கல், இது எந்த விக்கல் என்று பிரிக்கத் தெரியாமல், நாலு வீட்டில் பேட்டரி தீர்ந்து, "பவளக்கா அலாரம் கெட்டுப்போச்சு" என்று முணுமுணுத்தார்கள். தன் உடம்பு போவதைவிட அந்தப் பேச்சுத்தான் பவளத்துக்கு வலித்தது.

நடுவில் தவசிலிங்கம் பைக்கை விற்றார். "சர்வீஸுக்கு விட்டிருக்கேன்" என்று வீட்டில் சொன்னார். அன்றைக்குப் பார்த்து, பிளாஸ்டிக் குடம் விற்கிறவன் ஒருத்தன் தெருவுக்குப் புதுசு, வாசலில் நின்றவர்களெல்லாம் "இன்னும் விக்குதா? இன்னும் விக்குதா?" என்று கேட்டுக்கொள்வதைக் கேட்டுவிட்டு, தொழில்போட்டி வந்துவிட்டதோ என்று தலையை உள்ளே நீட்டி, "சார், இந்த வீட்ல என்ன விக்குது?" என்று கேட்டுவிட்டான். தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது, பவளம்கூட விக்கலுக்கு நடுவே சிரித்தாள். தவசிலிங்கம் எழுந்துபோய்ப் பின்கட்டில் முகம் கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

கடைசியில் இந்திராணிதான் அந்த வைத்தியத்தை எடுத்தாள். "நாம மறந்தே போயிட்டோமேடி! விக்குற பிள்ளைகிட்ட என்ன சொல்லுவோம்? 'எதைத் திருடித் தின்ன'ன்னு கேப்போம்ல? அதிர்ச்சில நின்னுரும்ல?" என்றாள். அப்புறம் என்ன, தெரு வரிசை கட்டி வந்து பவளத்தின் மேல் திருட்டுப் பட்டம் கட்டியது. ஒருத்தி தன் கொலுசைக் காணோம் என்றாள், அம்மன் கோயில் பூசாரி வந்து உண்டியல் பூட்டு உடைந்திருக்கிறது, உன் மேலதான் சந்தேகம் என்று கண்ணை உருட்டினார், கறிக்கடைக்காரர் தன் வீட்டுச் சேவலைக் கேட்டார், ஸ்டூடியோக்காரன் வேறொன்றும் கிடைக்காமல், "அக்கா, நீங்க எடுத்த டிரைபாடைக் குடுத்துருங்க" என்றான். எல்லாம் நல்லெண்ணம்தான், ஒருத்தர் மனசிலும் அழுக்கில்லை. பவளம் ஒவ்வொருத்தருக்கும் நிஜமாகவே கேட்கிறார்கள் என்பதுபோலவே பதில் சொன்னாள். "நான் எடுக்கல... ஹிக்... நான் எதுக்கு எடுக்கப்போறேன்... ஹிக்..." திருடாதவளுக்கு எப்படி அதிரும்?

"கட்டினவரு சொன்னாத்தான் அதிரும்" என்றார் பூசாரி. எல்லாரும் தவசிலிங்கத்தைப் பார்த்தார்கள்.

தவசிலிங்கம் எழுந்து நின்றார். பஸ்ஸில் நிற்கிற மாதிரியே நின்றார். கொலுசு, சேவல் என்று அவரும் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வாயில் வந்தது வேறு. "என் சட்டைப்பையில இருந்து எடுத்து எடுத்து உந்தம்பிக்கு அனுப்பிக்கிட்டிருக்கியாமே? வீட்ல ஒண்ணும் தங்கமாட்டேங்குதேன்னு பாத்தேன். வெக்கமா இல்ல?"

பவளம் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் தம்பி சீனிராசு பந்தல்குடியில் பஞ்சர் ஒட்டிப் பிழைக்கிறவன், தீபாவளிக்கு அக்காவுக்கு ஒரு சேலை எடுத்துவர ஆறு மாசம் ஒதுக்கிவைக்கிறவன். இந்த வீட்டில் காபியைத் தவிர ஒன்றும் வாங்கிச் சாப்பிட்டதில்லை. "இல்லங்க... ஹிக்... சத்தியமா இல்லங்க" என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது, விக்கல் நிற்கவில்லை. "அடேங்கப்பா, தவசிலிங்கம் தம்பி என்னமா நடிக்கிறாப்ல! நானே நம்பிட்டேன்" என்றாள் இந்திராணி, எல்லாரும் சிரித்தபடி கலைந்தார்கள். தவசிலிங்கமும் சிரித்துவைத்தார். ஆனால் அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்தபோது, அதை மருந்துக்குச் சொன்னோமா, வீட்டில் கை இறுகுவதற்கு ஒரு காரணம் இருக்கட்டும் என்று சொன்னோமா என்று அவருக்கே தெரியவில்லை. தெரியாமல் என்ன, தெரிந்தது. தெரிந்ததைத்தான் தாங்க முடியவில்லை. பக்கத்தில் அவள் சுவரைப் பார்த்துப் படுத்து, அவருக்குத் தூக்கம் கெடக்கூடாது என்று முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு விக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் நடந்தது இது. ராத்திரியெல்லாம் தூங்காமல், காலையில் தலை கிறுகிறுக்க விருதுநகர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தார் தவசிலிங்கம். கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்டபோது அவர் மனசு எங்கேயோ இருந்தது, வாய் தன் பழக்கத்துக்கு, "ஸ்டாஃப்" என்றது. பஸ் வேலையில் இருக்கிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கொள்கிற வார்த்தை அது, அதற்குமேல் கேள்வி கிடையாது. கண்டக்டரும் வெள்ளைச் சட்டையையும் தோல் பையையும் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிட்டார். பாலவநத்தம் தாண்டும் முன்னால் பஸ்ஸை நிறுத்தி இரண்டு பேர் ஏறினார்கள். செக்கிங்.

தவசிலிங்கத்துக்கு அப்போதுதான் சுரீரென்றது. எடுத்துக் காட்ட டிக்கெட் இல்லை. இறங்கவும் வழியில்லை. அவர் தன்னை அறியாமலே ஜன்னல் பக்கம் திரும்பி வயக்காட்டைப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

"சார், டிக்கெட்?" மகன் வயசு இருக்கும் அந்தப் பையனுக்கு.

"ஸ்டாஃப்."

"எந்த டெப்போ சார்?"

"பிரைவேட்."

"எந்தக் கம்பெனி சார்? கார்டு இருக்கா?"

தவசிலிங்கம் சட்டைப்பையைத் தொட்டார், தோல் பையைத் திறந்து தேடுகிற மாதிரி தேடினார், உள்ளே டிபன் கேரியர்தான் இருந்தது. பஸ் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. அந்தப் பையன் சத்தம் போட்டிருந்தால், வெக்கமா இல்ல என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால்கூடத் தேவலை, பதிலுக்குக் கோபமாவது பட்டிருக்கலாம். அவனோ குனிந்து, காதுக்குப் பக்கத்தில், "பரவால்ல சார், ஃபைனைக் கட்டிட்டு இறங்கிக்கங்க சார்" என்றான். எழுந்து திரும்பியபோதுதான் பார்த்தார். இரண்டு வரிசை பின்னால், விருதுநகர் கண் ஆஸ்பத்திரிக்குப் போகிற இந்திராணி, மடியில் பையோடு உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்தாள். எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். பார்த்துவிட்டு, பாவி மகள், பாராததுபோல ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பாலவநத்தத்தில் ரோட்டோரப் புளியமரத்தடியில் தவசிலிங்கம் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பஸ்கள் வந்தன, போயின. இந்திராணிக்குத் தெரிந்தால் பாவடித் தெருவுக்குத் தெரிந்த மாதிரி, பாவடித் தெருவுக்குத் தெரிந்தால் திருப்பூர் சம்பந்தி வீடு வரைக்கும் தெரிந்த மாதிரி. இந்நேரம் பவளத்திடம் சொல்லியிருப்பாள், கூட்டத்தைக் கூட்டி வைத்துச் சொல்லியிருப்பாள் என்றே நினைத்துக்கொண்டிருந்தார். ஒருவழியாக எழுந்து, டிக்கெட் எடுத்து, அதைக் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஊர்வந்து சேர்ந்தபோது உச்சி வெயில். தெருமுனையில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். விக்கல் கேட்டது.

கேட்டதும் அவருக்கு உயிர் வந்தது. அப்பாடா, இன்னும் விக்குகிறாள், இன்னும் யாரும் சொல்லவில்லை. அடுத்த நொடியே, அவள் விக்குவதைக் கேட்டு உயிர் வந்ததே, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று கூசிப்போய் அந்தச் சுவரோரமாகவே நின்றுவிட்டார். அப்புறம்தான் வீட்டுக்கு நடந்தார்.

உள்ளே இந்திராணி இருந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகாமலேயே அடுத்த ஸ்டாப்பில் இறங்கித் திரும்பி வந்திருக்கிறாள். கட்டிலில் சாய்ந்துகிடந்த பவளத்துக்கு ஸ்பூனால் சீரகத் தண்ணி புகட்டிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் ஸ்பூனை வைத்துவிட்டு எழுந்தாள்.

"தம்பி வந்துட்டாப்ல பவளம், நான் வாறேன்" என்றவள், வாசலில் அவர் பக்கத்தில் வந்ததும் குரலைத் தாழ்த்தினாள். "அவ எதுக்கு விக்குறான்னு பஸ்லயே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நானே நிறுத்தியிருப்பேன் தம்பி, ஒரு வார்த்தைதான. ஆனா அது என் வாயில இருந்து வந்தா அவளுக்கு அசிங்கம்." சொல்லிவிட்டு, பகலில் யாரும் கதவடைக்காத அந்தத் தெருவில், அவர் வீட்டுக் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்திவிட்டுப் போனாள்.

தவசிலிங்கம் கட்டிலோரம் உட்கார்ந்தார். "பவளம்" என்றார்.

"என்னங்க... ஹிக்... இந்நேரத்துக்கே வந்துட்டீங்க?"

"வெயில்..." என்றார். அப்போதும் அந்த வார்த்தைதான் வந்தது, பாருங்கள். அவளுக்கு உடம்பே தூக்கிப்போட்டது. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள், மூச்சு திரும்ப நேரமானது, உதட்டோரம் துடைத்த முந்தானையில் லேசாகச் சிவப்பு தெரிந்தது. அதைப் பார்த்ததும் தவசிலிங்கத்துக்கு எல்லாம் விட்டுப்போச்சு.

"வேலை போயிருச்சு பவளம். எனக்கு வேலை போயிருச்சு."

கிளம்பிய விக்கல் ஒன்று தொண்டையில் வந்து அப்படியே அடங்கியது. வீடு அமைதியானது. எத்தனையோ நாளைக்கப்புறம் ஃபேன் சுற்றுகிற சத்தம் காதில் விழுந்தது. பவளம் கழுத்தைத் தடவிப் பார்த்தாள், கொஞ்சநேரம் காத்திருந்து பார்த்தாள், வரவில்லை. செம்பை எடுத்து மடமடவென்று தண்ணீர் குடித்தாள், ஒரு சொட்டு சிந்தவில்லை.

"என்னைக்கு?" என்றாள்.

"பங்குனிப் பொங்கலுக்கு மறுவாரம்."

"அன்னைக்குத்தான எனக்கு..."

"ஆமா."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அன்னைக்கேவா?"

"அன்னைக்கே."

பவளம் செம்பைக் கீழே வைத்தாள். "எந்தம்பி பேரை இழுத்து எல்லாருக்கும் முன்னாடி கேட்டீங்களே, வெக்கமா இல்லன்னு. அப்பவும் தெரியும்?"

தவசிலிங்கம் தலையை மட்டும் ஆட்டினார். அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. அவளுடைய முழங்கைக்கு ஏறியிருந்த வளையலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் சத்தம் நின்ற சேதி வெளியே எட்டிவிட்டது. "பவளக்கா! நின்னுருச்சா?" என்று ஸ்டூடியோக்காரன் குரல் கேட்டது, பின்னாலேயே நாலைந்து செருப்புச் சத்தம். பவளம் சுவரைப் பிடித்து எழுந்துபோய்க் கதவைத் திறந்தாள்.

"நின்னுருச்சு" என்றாள் பவளம். "அவருக்கு வேலை போயிருக்கு. அதுக்குத்தான் விக்கியிருக்கு."

கரண்ட் போயிருச்சு என்று சொல்வாளே, அதே குரலில்தான் சொன்னாள், ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "அட, அதுவா?" என்றார் பூசாரி. "நாங்க பாட்டுக்கு ஃபிரிட்ஜை அணைச்சு அணைச்சு வச்சு, ஒருநாள் தயிரெல்லாம் புளிச்சுப்போச்சு" என்றது ஒரு குரல். அவ்வளவுதான், ஒருத்தரும் கேலி பேசவில்லை, ஒருத்தரும் உள்ளே எட்டிப்பார்க்கவில்லை, அவரவர் வீட்டுக்கு நடையைக் கட்டினார்கள். எந்தத் தெருவுக்குப் பயந்து இத்தனை நாளும் அவளை விக்கவிட்டாரோ, அந்தத் தெரு தயிரைப் பற்றிப் பேசிக்கொண்டு போனது.

பவளம் திரும்பி வந்தாள். அடுப்படிக்குப் போய்த் தட்டை எடுத்துவைத்துச் சோறு போட்டாள், ரசத்தைச் சுடவைத்து ஊற்றினாள், இரண்டு அப்பளம் பொரித்து வைத்தாள். தனக்கும் ஒரு தட்டு போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்து, ஒரு கவளம் எடுத்து மெதுவாக விழுங்கிப் பார்த்தாள். இறங்கியது. இன்னொரு கவளம் எடுத்தாள். தவசிலிங்கம் சோற்றில் கை வைக்கவில்லை.

"திட்டு பவளம்" என்றார். "நல்லா நாலு வார்த்தை கேளு. தெருவைக் கூட்டிவச்சுக்கூடக் கேளு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பவளம் வாயில் இருந்ததை மென்று முடித்தாள்.

"திட்டிட்டா உங்களுக்கு லேசாப் போயிரும்" என்றாள். "நான் திட்டமாட்டேன். சாப்பிடுங்க, ரசம் ஆறுது."

அவர் சாப்பிட்டார்.